யாருடைய பணத்தில் யாருடைய எஞ்சின்?

ஒஸ்ரியாவின் மற்றிக்ஹோஃபன் என்ற சிறுநகரில் இயங்கும் கே.ரி.எம். மோட்டார் சைக்கிள் நிறுவனம், கடனைத் தீர்க்க வழியில்லாமல் 2024 நவம்பர் 29 அன்று நீதிமன்றத்தை நாடியது. கடன் கொடுத்தவர்கள் தங்களுக்கு வரவேண்டியதில் 30 சதவீதத்தை மட்டும் பெற்றுக்கொள்ள 2025 பெப்ரவரியில் சம்மதித்தார்கள். அதற்கான பணத்தைத் தேடிக் கொடுத்தது இந்தியாவின் பஜாஜ். எங்கள் சந்திகளில் வரிசையாக நிற்கும் முச்சக்கரவண்டிகளைச் செய்கிற அதே பஜாஜ்தான். 2007 இலிருந்து பங்காளியாக இருந்த அது, 2025 முடிவதற்குள் முழு நிறுவனத்தின் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொண்டது.

இது வணிகப் பக்கச் செய்தியாக வந்து போய்விட்டது. ஆனால் மண் பாதையில் குன்றுகளைத் தாவி ஓடும் மோட்டோகுறொஸ் பந்தய உலகத்துக்கு இது வேறு விதமான செய்தி. கே.ரி.எம்., அதன் கீழுள்ள ஹுஸ்க்வானா, காஸ்காஸ் ஆகிய மூன்று பெயர்களில்தான் இன்று பந்தயத்துக்கான ரூ ஸ்ரோக் வண்டிகளில் பெரும் பங்கு வெளிவருகிறது. வீரர்களுக்குச் சம்பளமும் வண்டியும் கொடுக்கும் பெரிய கைகளில் ஒன்றும் அதுவே. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஓயாமல் நடக்கும் "ரூ ஸ்ரோக்கா, ஃபோர் ஸ்ரோக்கா" என்ற விவாதத்தை இந்த இடத்திலிருந்து பார்த்தால், அது எஞ்சினைப் பற்றிய விவாதமாக மட்டும் தெரியாது.

எஞ்சின் விடயம் எளிது. ரூ ஸ்ரோக்கில் பிஸ்ரன் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ரோக்கில் இரண்டு முறை போய்வந்தால்தான் ஒரு வெடிப்பு. அதனால் ஒரே கனவளவில் ரூ ஸ்ரோக்குக்குக் கூடுதல் வலு கிடைக்கும். வால்வு இல்லை, கேம் இல்லை, ரைமிங் செயின் இல்லை, பாரமும் குறைவு. குறை என்னவென்றால், எரியாத பெற்றோலும் அதில் கலந்த ஒயிலும் புகையாக வெளியே போகும். பழைய ஓட்டோவின் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கு அந்த நீலப் புகையை விளக்கத் தேவையில்லை.

1990களின் நடுப்பகுதி வரை மோட்டோகுறொஸ் என்றாலே ரூ ஸ்ரோக்தான். 1997 இல் லாஸ் வேகாஸில் நடந்த சுப்பர்குறொஸ் இறுதிப் பந்தயத்தில், கடைக்கு இன்னும் வராத யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ரோக் மாதிரி வண்டியில் டக் ஹென்றி வென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் திறந்தவெளிச் சம்பியன் பட்டமும் அவருக்கே. அந்த வெற்றிகளை எஞ்சினின் வெற்றியாகத்தான் இன்றும் சொல்கிறார்கள். அவர் ஓடிய பிரிவின் பெயர் 250 சிசி. அதில் ரூ ஸ்ரோக் என்றால் 250 சிசிக்கு மேல் போகக்கூடாது. ஃபோர் ஸ்ரோக் என்றால் 550 வரை போகலாம். இந்தச் சலுகை, மெலிந்த பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடப் போடுவதுபோல, பின்தங்கியிருந்த ஃபோர் ஸ்ரோக்கைக் கை தூக்கிவிட வைத்த விதி. பிள்ளை கொழுத்த பிறகும் கரண்டி குறையவில்லை. பின்னாளில் 250க்கு எதிராக 450, 125க்கு எதிராக 250 என்று அது நிலைத்துவிட்டது.

ரிக்கி கார்மைக்கலின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2002 இல் ஹொண்டாவின் 250 சிசி ரூ ஸ்ரோக்கில் ஏறி, அமெரிக்கத் திறந்தவெளிப் பருவத்தின் 24 ஓட்டங்களில் 24ஐயும் வென்றார். 2004 இல் ஹொண்டாவின் 450 சிசி ஃபோர் ஸ்ரோக்கில் ஏறினார். மறுபடியும் 24க்கு 24. அந்த அளவு திறமை உள்ளவனுக்குக் கீழே எந்த எஞ்சின் இருந்தாலும் ஒன்றுதான். எஞ்சின் வித்தியாசம் உறைப்பது அவனுக்குப் பின்னால் பத்தாவதாக, இருபதாவதாக வருபவர்களுக்கு.

ஹொண்டாவும் கவசாகியும் 2007 மாதிரிகளோடு பெரிய ரூ ஸ்ரோக் மோட்டோகுறொஸ் வண்டிகளை நிறுத்தின. சுசுகியும் பின்னால் போனது. யமஹா மட்டும் ஜப்பானியர்களில் தொடர்ந்தது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடுகள் ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. வீதி வண்டிகள் எல்லாம் ஃபோர் ஸ்ரோக்குக்கு மாறிய காலத்தில் ஒரே தொழில்நுட்பத்தில் காசைப் போடுவது நிறுவனங்களுக்கு வசதி. ஆனால் மூடிய பாதையில் ஓடும் பந்தய வண்டிக்கு வீதிச் சட்டம் அப்படியே பொருந்துவதில்லை. அங்கே ரூ ஸ்ரோக்கை உண்மையில் ஓரங்கட்டியது மேலே சொன்ன கனவளவு விதிதான் என்பது என் கணிப்பு.

இதில் நட்டப்பட்டவர்கள் யார்? கராஜில் நின்று பாருங்கள். ரூ ஸ்ரோக்கின் பிஸ்ரனையும் றிங்கையும் ஒரு தகப்பன் பின்னேரத்துக்குள் வீட்டிலேயே மாற்றிவிடலாம். 250 சிசி ஃபோர் ஸ்ரோக் பந்தய எஞ்சின் நிமிடத்துக்கு 13,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதில் ஒரு வால்வு முறிந்தால் பிஸ்ரன், சிலிண்டர், ஹெட் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோகும். பொருளாதாரத் தடைக்காலத்தில் சூப்பிப் போத்தலில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்கள் ஆட்களுக்கு, கையால் திருத்தக்கூடிய எஞ்சினின் அருமை தெரியும்.

தொழிற்சாலை அணி வீரருக்கு இந்தக் கவலை இல்லை. அவருடைய எஞ்சினைப் பிரித்துப் பூட்ட ஆள் இருக்கிறது. அனுசரணை என்ற ஒரே சொல்லுக்குள் பல படிகள் உண்டு. மேலே சம்பளமும் வண்டியும் பெறுபவர்கள். நடுவில் வண்டி மட்டும் அல்லது உதிரிப்பாகம் மட்டும் பெறுபவர்கள். கீழே, விலைக்கழிவில் வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பெரும் கூட்டம். இவற்றுக்கு வெளியே, குறித்த நிறுவனத்தின் புதிய மாதிரியில் ஓடி இடம்பிடித்தால் கிடைக்கும் பரிசுப்பணம். எந்தப் படியில் இருந்தாலும் உண்ட வீட்டைக் குறை சொல்ல முடியாது. ரூ ஸ்ரோக்கே விற்காத நிறுவனத்தின் வீரரிடம் எது சிறந்த எஞ்சின் என்று கேட்டால், பதில் கேள்விக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். அதை அவருடைய நேர்மைக்குறைவாக நான் பார்க்கவில்லை. எலும்பு முறிந்தால் முடிந்துபோகும் குறுகிய தொழில் அது. செவ்விகளை அப்படியே சான்றாக எடுத்து எழுதும் விளையாட்டு ஊடகங்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அனுசரணையாளர்களுக்குப் பழமையையும் விற்கத் தெரியும். றெட் புல் நிறுவனம் கலிபோர்னியாவில் நடத்தும் நேர்கோட்டுப் பந்தயத்தை 2018 இல் ரூ ஸ்ரோக் வண்டிகளுக்கு மட்டும் என்று அறிவித்தது. சனம் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடியது. மற்ற நாட்களில் பெரிய வீரர்கள் ஃபோர் ஸ்ரோக்குக்குத் திரும்பினார்கள்.

அமெரிக்காவின் அமெச்சூர் பந்தயங்களில் 250 ரூ ஸ்ரோக் 250 ஃபோர் ஸ்ரோக்கோடு நேருக்கு நேர் ஓடலாம். தொழில்முறைக்கு ஏறியதும் அந்தக் கதவு மூடப்படுகிறது. அதைத் திறந்துவிட்டால் பாதையே தீர்ப்புச் சொல்லிவிடும். திறக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஃபோர் ஸ்ரோக் வெல்லவும் கூடும். அதன் இழுவை சீரானது, நீண்ட ஓட்டத்தில் கையைக் குறைவாகக் களைக்க வைக்கும்.

எங்கள் நாட்டில் நிலைமை இன்னும் ஒரு படி கீழிருந்து தொடங்குகிறது. இங்கே எஞ்சினைத் தெரிவு செய்வதற்கு முன் நிலம் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. சாலியபுரவின் கஜபா சுப்பர்குறொஸ், மின்னேரியாவின் கன்னர் சுப்பர்குறொஸ், தியத்தலாவையின் ஃபொக்ஸ்ஹில் என்று பெயர்பெற்ற பந்தயங்கள் இராணுவப் படைப்பிரிவுகளின் மண்ணில், அவற்றின் ஏற்பாட்டில் நடப்பவை. படையினரும் அதில் போட்டியாளர்கள். 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ்ஹில்லில் கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். மறுநாள் கேட்கப்பட்டவை பெரும்பாலும் பாதுகாப்பு வேலியைப் பற்றிய கேள்விகள். ஒரு நாட்டின் மோட்டார் விளையாட்டு ஏன் முகாம்களுக்குள் குடியிருக்கிறது என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. காணி இன்னும் விடுவிக்கப்படாத ஒரு குடும்பத்துப் பெடியனுக்கு வண்டியில் ஆசை வந்தால், அவன் பந்தயம் ஓடப் போவதும் ஒரு காவலரண் வாசலைத் தாண்டித்தான்.

மற்றிக்ஹோஃபனில் இப்போது கணக்குப் புத்தகம் பஜாஜின் கையில். ஐரோப்பாவின் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஏறும் முதல் பெரிய படி 125 சிசி ரூ ஸ்ரோக் சம்பியன் போட்டி. அங்கு கே.ரி.எம். குடும்பத்து வண்டிகளை எடுத்துவிட்டால் யமஹாவும் சில சிறிய இத்தாலிய நிறுவனங்களும்தான் மிஞ்சும். பந்தயச் செலவில் எதை வெட்டுவது என்ற பட்டியல் தயாராகும்போது, முன்னணி வீரர்களின் சம்பளத்துக்கு முன் இந்தப் பிள்ளைகளின் படி அதில் வருகிறதா என்பதைத்தான் அடுத்த ஓரிரு பருவங்களில் கவனிக்க வேண்டும்.