நன்றி கெட்ட அகதிகள்

குசினியில் கோப்பை கழுவுகிற நாங்கள் அகதா கிறிஸ்ரியின் மர்மக்கதைகளை வாசிக்கிறோம் என்றால் எமது இலக்கியக்காரருக்குச் சிரிப்பு வருகிறது. பணக்கார வெள்ளையரின் மாளிகைக் கொலைகளில் உங்களுக்கென்ன வேலை என்கிறார்கள். வேலை இருக்கிறது. அந்தக் கதைகளின் நாயகன் ஓர் அகதி.

முதலாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மன் படைகளுக்குத் தப்பி ஏறத்தாழ 250,000 பெல்ஜியர்கள் பிரித்தானியாவுக்கு வந்தார்கள். ஒரு தொகுதியினர் கிறிஸ்ரியின் சொந்த ஊரான ரோர்க்கீயில் தங்கினர். 1890இல் பிறந்த கிறிஸ்ரி அப்போது அங்கே ஆஸ்பத்திரியில் தாதியாகவும், பின்னர் மருந்து கலப்பவராகவும் வேலை செய்தார். நஞ்சுகளைப் பற்றி அங்கேதான் படித்தார். 1916இல் முதல் நாவலை எழுதத் தொடங்கியவர், துப்பறிபவனாக அயலில் இருந்த அகதிகளைப் போன்ற ஒருவனையே எடுத்துக்கொண்டார். ஹெர்க்யூல் புவாரோ பிறந்தது இப்படித்தான். பதிப்பாளர்கள் சிலர் திருப்பியனுப்பிய அந்த நாவல் 1920இல் வெளிவந்தது.

கிறிஸ்ரி தன் சுயசரிதையில் ஒன்றை மறைக்காமல் எழுதியிருக்கிறார். வந்த புதிதில் ஊர் அகதிகளை அன்பாய் வரவேற்றது. பிறகு, இவர்களுக்கு நன்றி போதாது, அதுவும் இதுவும் குறை சொல்கிறார்கள் என்று முகம் சுழித்தது. யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் ஒருவழிப் பயணச்சீட்டைக் கொடுத்தது. ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானோர் போய்விட்டார்கள்.

கதையில் புவாரோ தங்கிவிட்டார். அவர் மேதை, பெரிய வீட்டுக் கொலைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அப்படியிருந்தும் கடைசிவரை அவர் அந்நியர்தான். பெல்ஜியன் என்று எத்தனை தரம் சொன்னாலும் பிரெஞ்சுக்காரன் என்றார்கள். தனக்கு நல்ல ஆங்கிலம் தெரியும், ஆனால் கொச்சையாய்ப் பேசினால் மட்டமாய் நினைத்து வாயைத் திறப்பார்கள் என்று ஒரு நாவலில் அவரே சொல்கிறார். அரைகுறையாய் விட்ட பல்கலைக்கழகப் படிப்போடு முதலாளி முன் தலையாட்டி நிற்கிற எங்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

1975இல், அகதியாய் வந்திறங்கிய அதே ஊரில் புவாரோவைச் சாகவைத்தார் கிறிஸ்ரி. நியூயோர்க் ரைம்ஸ் முதற்பக்கத்தில் மரணச் செய்தி போட்டது. அடுத்த வருடம் ஜனவரியில் கிறிஸ்ரியும் இறந்தார். கற்பனை அகதிக்கு முதற்பக்கம். கடலில் தாண்டுபோகிற உண்மையான அகதிக்கு வெறும் இலக்கம்.

எங்கள் கோபம் வெள்ளையர்மீது மட்டுமல்ல. 1980களில் வந்து இன்று வீடும் கடையுமாய் இருக்கிற எம்மவர் சிலர், நேற்று வந்த ஆப்கானியனையும் எரித்திரியனையும் பார்த்து அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: நன்றி கெட்டவர்கள். தாங்கள் கேட்ட சொல் எப்படி மறந்துபோனது?

தஞ்சம், மேதைக்கும் கைகட்டி நன்றி சொல்பவனுக்கும் கொடுக்கிற பரிசல்ல. கெட்டித்தனம் இல்லாதவனுக்கும், குறை சொல்கிறவனுக்கும் அது உரியது. அதைக் கேட்பதற்கு நாங்கள் யாரும் புவாரோ ஆகவேண்டியதில்லை.