பகிடிதானே என்று விட்டுவிடலாமா?



திங்கட்கிழமை காலையில் மட்டும் பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறதா? புதுக் கொப்பியின் மட்டை கிழிந்து வருகிறதா? கட்டிக் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வருகிறதா? இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

2018 ஆம் ஆண்டு. நான் இந்தத் தொழிலுக்கு வந்து அதிக காலமாகவில்லை. ஹட்டனுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர்கள். அவர் அங்கேயே பிறந்து, வளர்ந்து, மணமுடித்தவர். 2009 இல் கணவரை இழந்தார். பிழைக்க வழியின்றி, பதினொரு வயது மகளுடன் பெரியம்மாவின் லயத்துக்கு வந்து கொழுந்து பறிக்கத் தொடங்கியிருந்தார்.

“மிஸ், பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு பிள்ளை அழுறாள். ‘ஓம்’ எண்டு சொன்னாலே சிரிக்கினமாம். புலி, புலி எண்டு கூப்பிடுகினமாம். அப்பா எங்க எண்டும் கேக்கினமாம்” என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் அங்க படிக்கேக்க என்னைத் தோட்டக்காட்டாள் எண்டுதான் கூப்பிட்டவை” என்றார்.

அங்கே தாய்க்கு ஒரு பட்டப்பெயர், இங்கே மகளுக்கு ஒரு பட்டப்பெயர். இரண்டையும் வைத்தவர்கள் தமிழ் பேசும் பிள்ளைகளே. அந்தச் சொற்களைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டிலும் கடைத்தெருவிலும் பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் செய்த தவறு

கோபத்தோடு பாடசாலைக்குப் போனேன். கேலி செய்த மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் ஆசிரியரிடம் சொன்னேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவர்களுக்கு அடி விழுந்தது. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் கூறியிருந்தும் இப்படி நடந்தது. காரணமாக இருந்தவள் நான்.

அதன்பின் வகுப்பறையில் கேலி நின்றது. ஆனால் தேயிலை மலைக்கு நடுவே வீடு திரும்பும் குறுக்குப் பாதையில் அது தொடர்ந்தது. “காட்டிக்கொடுத்தவள்” என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. பிள்ளை இரண்டு வாரம் பாடசாலைக்கே போகவில்லை.

அந்த மூவரில் ஒருத்தியின் வீட்டுக்கும் போனேன். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார். தகப்பன் குடி. அம்மாயிதான் வளர்க்கிறார். அந்தப் பிள்ளையும் காயப்பட்டிருந்தாள். அடியால் அவளும் திருந்தவில்லை, இவளும் பாதுகாக்கப்படவில்லை.

முழுப் பாடசாலையும் மாறவேண்டும்

நோர்வே நாட்டில் 1982 இல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் எனத் தெரியவந்ததும் நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு நாடளாவிய இயக்கமொன்று தொடங்கப்பட்டது. பேராசிரியர் டான் ஒல்வியஸ் பேர்கன் நகரில் 42 பாடசாலைகளில், ஏறத்தாழ 2,500 மாணவர்களிடையே இதனை ஆராய்ந்தார். இரண்டு ஆண்டுகளில் இத்தகைய கொடுமைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஒரு பிள்ளையைப் பிடித்துத் தண்டிப்பதை விட்டு, அதிபர், ஆசிரியர், மாணவர், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்றதுதான் அங்கே பலன் தந்தது.

நாங்களும் அதையே எங்கள் அளவில் செய்து பார்த்தோம். முதலில் பிள்ளைகளிடம் பாடசாலையின் படத்தை வரையச் சொல்லி, பயமான இடங்களில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னோம். பெயர் எழுதத் தேவையில்லை. பின்பக்க மலசலகூடமும் தண்ணீர்க் குழாயடியும் குறுக்குப் பாதையும் சிவந்துபோயின. இடைவேளையில் அங்கே ஓர் ஆசிரியை நிற்பதென்று அதிபர் ஒழுங்கு செய்தார். ஒரே லயத்துப் பிள்ளைகள் பெரியவர், சிறியவர் சேர்ந்து கூட்டாக வீடு திரும்பத் தொடங்கினார்கள். வகுப்பு விதிகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் பழக்கத்தைத் தாங்களும் விடவேண்டும் என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டதுதான் மிகக் கடினமாக இருந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு முதலில் ஐந்து பேர்தான் வந்தார்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், பேர் போட்டு மலையில் நிற்கும் பெண் எப்படி வருவாள்? அரைப்பேர் ஆகிவிடாதா? பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்தபின் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தோம். இடம் போதவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். கேலி குறைந்தது. அந்தப் பிள்ளை தொடர்ந்து பாடசாலைக்குப் போய், சாதாரண தரப் பரீட்சையும் எழுதினாள்.

ஒரு துணை போதும்

ஹவாயின் கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்ணர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை எனப் பல நெருக்கடிகளில் வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட ஒன்று, தம்மீது அக்கறையுள்ள ஒரு பெரியவரின் நிலையான துணை. அது தாயாகவோ, பாட்டியாகவோ, ஆசிரியையாகவோ இருக்கலாம். கணவர் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் சகோதரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளை தேறாது என்பது ஊர்ப்பேச்சு மட்டுமே.

நீங்கள் செய்யக்கூடியவை:

• பிள்ளை சொல்லும்போது “நீ என்ன செய்தாய்?” என்று தொடங்காதீர்கள். முதலில் முழுவதையும் கேளுங்கள்.

• “திருப்பி அடி” என்றோ, “பகிடிதானே, விடு” என்றோ சொல்லாதீர்கள். முதலாவது சண்டையை வளர்க்கும். இரண்டாவது பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

• எப்போது, எங்கே, யார் முன்னிலையில் நடந்தது என்று குறித்து வையுங்கள். வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். பலன் இல்லையேல் அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் எழுத்தில் கொடுங்கள்.

• மற்றப் பிள்ளைக்குத் தண்டனை கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்புக் கேளுங்கள்.

• காயமோ, மிரட்டலோ, பாலியல் தொந்தரவோ இருந்தால் தாமதிக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னுமொன்று. இன்றிரவு அடுப்படியில் பேசும்போது, வேறு ஊராரையோ, வேறு சாதியாரையோ எந்தப் பெயரால் குறிப்பிடுகிறோம் என்று நாமும் கவனிப்போம். பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.