கேஸ் போச்சு ஸார்!

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்: "என்னங்க, ஃப்ரிட்ஜ் போயிடுச்சு!"

அவள் சொன்ன தினுசில், அது பெட்டி படுக்கையோடு ரயிலேறிவிட்டதோ என்று ஓடினேன். இருந்த இடத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே லைட்டும் எரிந்தது. ஆனால் பால் திரிந்திருந்தது. முந்தின நாள் அரைத்த இட்லி மாவு, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கீழ்த்தட்டுக் கத்தரிக்காய்களுக்கு அபிஷேகம் செய்திருந்தது.

மாவு போனால் போகிறது. கதவில் முட்டைக்குப் பக்கத்தில் அம்மாவின் இன்சுலின், பிரிக்காத இரண்டு குப்பிகள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய வஸ்து.

உடனே ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தேன். கீழேதானே குளிர் இல்லை, மேலே ஃப்ரீஸரில் இமயமலையே நிற்கிறதே என்று இரண்டையும் அங்கே வைத்துவிட்டேன். (இதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.)

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்தார். பின்னால் போய் கம்ப்ரஸரைத் தொட்டு, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

"கேஸ் போச்சு ஸார். 3,500 ஆகும்."

நான் பர்ஸை எடுக்கப் போன நேரத்தில் எதிர் ஃப்ளாட் பெரியவர் உள்ளே வந்தார். மின்வாரியத்தில் ரிடையர் ஆனவர். எந்த வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் கேட்டாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"தம்பி, கேஸ் போயிருந்தா இவ்வளவு ஐஸ் எப்படிப் பிடிக்கும்?"

மெக்கானிக் ஒரு விநாடி யோசித்தார். "அது... பழைய ஐஸ் ஸார்!"

"சரி, போச்சுங்கறியே, எங்கே ஓட்டை? காட்டு."

ஓட்டையைக் காட்டவில்லை. இன்னொரு வீட்டில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி, வந்து போனதற்கு 300 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பெரியவர் எனக்குப் பாடம் எடுத்தார். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ், சமையல் சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லையாம். மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ரொப்புவது, பஞ்சரான டியூபுக்குக் காற்றடிக்கிற கதை. கேஸ் கசிந்திருந்தால் ஃப்ரீஸரில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கும், மற்ற இடம் மொட்டையாக இருக்கும். முழுக்கப் போயிருந்தால் பனியே இருக்காது. இது எங்கள் வீட்டு மாதிரி ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்கு. ஐஸ் கட்டாத ரகத்தில் ஃபேன், ஹீட்டர் என்று வேறு வம்புகள் உண்டு.

"அப்போ கீழே ஏன் ஸார் குளிரலை?"

பதில் சொல்லாமல் ஒரு தினசரித் தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். மேல் பக்கம் இறுக்கமாகப் பிடித்தது. கீழ் மூலையில் வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால், கதவின் அடித்தட்டில் என் மாமியார் கொடுத்தனுப்பிய மாவடு ஜாடி! அதன் வயிறு காய்கறிப் பெட்டியில் இடித்து, கதவு ஒரு நூல் மூடாமல் நின்றிருக்கிறது. இரண்டு வாரமாக!

அந்த இடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே போய் ஃப்ரீஸரில் பனியாகப் படிந்திருக்கிறது. ஐஸ் ஏற ஏறக் குளிர்ச்சி என்றுதான் நாம் நினைக்கிறோம். கால் அங்குலத்துக்கு மேல் ஏறினால் அது கம்பளி. குளிரைக் கீழே இறங்க விடாது. கம்ப்ரஸர் ராப்பகலாக ஓடி, கரண்ட் பில் ஏறுவதுதான் மிச்சம்.

"இவ்வளவுதானே!" என்று கத்தியை எடுத்தேன். பெரியவர் பாய்ந்து கையைப் பிடித்தார். "போன ஃப்ரிட்ஜை எப்படிக் கொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா! ஐஸில் ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட்டை நெம்பப் போய், 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் குழாய் ஓடுகிறது. இப்போது வருகிற பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ என்கிற ஐஸோபியூட்டேன். சமையல் கேஸுக்குப் பங்காளி முறை, தீப்பிடிக்கும். அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், 'புஸ்' கேட்டால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

ஆகவே பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து போட்டு, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து, மூன்று பழைய வேட்டிகளைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். காத்திருந்த நேரத்தில் கதவின் ரப்பரை சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். பின்பக்கக் கம்பிகளில் ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. அதைத் தட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். சாயங்காலம் பிளக்கைச் செருகினால் ஓடியது. (கரண்ட் போய் வந்தாலும் சரி, ஐந்து நிமிஷம் பொறுத்துத்தான் போட வேண்டும். குழாயில் அழுத்தம் அடங்காமல் கிளப்பினால் கம்ப்ரஸர் முரண்டு பிடிக்கும்.) ராத்திரி தண்ணீர் பாட்டில் பல்லைக் கூசியது.

அப்போதுதான் இன்சுலின் ஞாபகம் வந்தது. ஐஸ் உருக ஆரம்பித்ததும் மனைவி எடுத்து வைத்திருந்தாள், கற்கண்டு மாதிரி உறைந்த நிலையில். மெடிக்கல் ஷாப்காரர் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "ஒரு தடவை உறைஞ்சா, உருகினாலும் குப்பைதான் ஸார். ஃப்ரீஸர் பக்கமே போகாதீங்க, கதவிலயும் வேண்டாம். நடுத்தட்டுல வைங்க."

புதிதாக இரண்டு வாங்கினேன். நல்ல வேளை, அம்மா தினமும் போட்டுக்கொள்கிற பிரித்த குப்பி, அவள் அறையில் மண்பானைக்குள் ஒரு டம்ளரில் பத்திரமாக இருந்தது.

"இதையும் ஃப்ரிட்ஜுல வைன்னு நீ சொன்னப்ப நான் கேக்கலை பாரு" என்றாள் அம்மா.

மாவடு ஜாடி இப்போது அலமாரியில் இருக்கிறது. உப்பில் ஊறியதற்கு ஃப்ரிட்ஜ் எதற்கு என்று நான் விளக்கிச் சொல்லியும் பிரயோஜனமில்லை. "உங்க வீட்டு மோர்மிளகாய் மட்டும் உள்ளே இருக்கலாமா?" என்கிறாள் மனைவி. இதற்குப் பெரியவரிடமும் ரிப்பேர் இல்லையாம்.