மகள் கையிலிருந்து 'கேரி'யைப் பிடுங்காதீங்க

1/ "டாக்டர், எட்டாவது படிக்கிறா. எப்பப் பார்த்தாலும் ரத்தம், கொலைன்னு இங்கிலீஷ் பேய் நாவல்தான். மனசு கெட்டுப்போயிடாதா?" மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கிற கேள்வி. ஒரே ஒரு நாவலை வச்சுப் பதில் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். மகன் இருக்கிற வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

2/ ஸ்டீபன் கிங் எழுதிய 'கேரி'. 1974-இல் வெளியானது, அவருடைய முதல் நாவல். அதை எழுதியபோது அவர் அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆங்கில ஆசிரியர். முதல் சில பக்கங்களை எழுதிட்டு, சரிவராதுன்னு குப்பையில் போட்டுட்டார். அவர் மனைவி டபிதாதான் எடுத்துப் படிச்சுட்டு, தொடர்ந்து எழுதச் சொன்னார்.

3/ கதை இதுதான். கேரிக்கு 16 வயசு. பள்ளிக் குளியலறையில் முதல் மாதவிடாய் வருது. அது என்னன்னு அவளுக்கு யாருமே சொன்னதில்லை. ரத்தம் கொட்டிச் சாகப்போறோம்னு நினைச்சு அலறுறா. கூடப் படிக்கிற பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டே அவமேல நாப்கினை வீசுறாங்க. ஓடி வந்த ஆசிரியையும் முதல்ல கன்னத்தில் ஒண்ணு வைக்கிறார்.

4/ வீட்டுக்குப் போனா, மதவெறி பிடிச்ச அம்மா அதைப் பாவம்னு சொல்லி அடிச்சு, சின்ன அறையில் போட்டுப் பூட்டுறார். மனசாலேயே பொருளை நகர்த்துற சக்தி, பன்றி ரத்தம், ஊர் பற்றி எரியறது எல்லாம் அப்புறம்தான். ஒரு டாக்டராப் படிச்சா, பயங்கரம் முதல் சில பக்கங்கள்லயே முடிஞ்சுடுது. அதுல பேயே கிடையாது.

5/ "அதெல்லாம் அமெரிக்கா" என்று சொல்லாதீங்க. 2017-இல் பாளையங்கோட்டையில் 12 வயசு மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். உடையில் கறை பட்டதுக்காக ஆசிரியர் திட்டியதாகப் புகார். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படியில் உட்கார வச்சுப் பரீட்சை எழுதவிட்டாங்க. வீடியோ வந்ததும் தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

6/ சென்னை ரொம்ப மாறிடுச்சா? தி.நகர்ல பட்டு எடுத்து, மண்டபம் பிடிச்சு, பத்திரிகை அடிச்சு மஞ்சள் நீராட்டுக்கு ஊரையே கூப்பிடுறோம். ஆனா அந்த ரத்தம் எங்கிருந்து, ஏன் வருதுன்னு அந்தப் பொண்ணுக்கு யார் சொன்னாங்க? நல்லாப் படிச்ச வீட்டிலும் இன்னும் "தூரம்"தான். மருந்துக்கடையில் நாப்கினுக்கு மட்டும் இன்னும் செய்தித்தாளும் கறுப்புக் கவரும்.

7/ சரி, இருண்ட புத்தகம் ஒண்ணுமே செய்யாதா? நேர்மையாச் சொல்லணும்னா, ஒரு புத்தகத்தை கிங்கே திரும்பப் பெற்றிருக்கார். ஒரு மாணவன் வகுப்பறையையே துப்பாக்கி முனையில் பிடிச்சு வைக்கிற 'ரேஜ்'. 1997-இல் கென்டக்கி பள்ளி ஒன்றில் மூன்று மாணவிகளைச் சுட்டுக் கொன்ற பையனிடம் அந்தப் புத்தகம் இருந்தது. அதுக்கப்புறம் அதை மறுபடி அச்சிட அவர் விடலை.

8/ இதை நான் புரிஞ்சுக்கிற விதம் இப்படி: ஏற்கனவே உள்ளுக்குள்ள எரியற பிள்ளைக்கு ஒரு புத்தகம் எண்ணெய் ஊத்தலாம். நல்லா இருக்கிற பிள்ளையை அது கொலைகாரியா மாத்தாது. அதனால புத்தகத்தை விட்டுட்டுப் பிள்ளையைப் பாருங்க. தூக்கம் சரியில்லையா, சாப்பாடு குறைஞ்சிருக்கா, ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குதா, தோழிகளை ஒதுக்குதா, "நான் இல்லாட்டி நல்லா இருக்கும்"னு பேசுதா? அப்போ உடனே உதவி தேவை. கையில எந்தப் புத்தகம் இருந்தாலும் சரி.

9/ இதெல்லாம் இல்லைன்னா, அவ முடிச்சதும் நீங்களும் அதே புத்தகத்தைப் படிங்க. லஸ் பிளாட்பாரத்தில் பழைய புத்தகமாவே கிடைக்கலாம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "உன் கிளாஸ்ல கேரி மாதிரி யாராவது இருக்காங்களா?" கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. சில சமயம் பதில் "நான்தான்" என்று வரும்.

10/ மருத்துவ விஷயம். மாதவிடாய் பத்தி 9 வயசுக்குள்ளயே சொல்லிடுங்க. முதல் ரெண்டு வருஷம் தேதி முன்னப்பின்ன வரும், சகஜம். 15 வயசாகியும் வரலைன்னாலோ, 7 நாளுக்கு மேல போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சாலோ, வலியில ஸ்கூல் போக முடியலைன்னாலோ டாக்டரைப் பாருங்க. பையனுக்கும் சொல்லிக்கொடுங்க. அறிவியல் பாடத்துல வரும்போது கடைசி பெஞ்சில் சிரிக்கிறவன் நம்ம வீட்டுப் பிள்ளையா இருக்க வேண்டாம்.

11/ நாவலில் ஊர் எரியறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணைக் காப்பாத்த எத்தனையோ வாய்ப்பு இருந்தது. அம்மா பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தாலே முதல் காட்சி நடந்திருக்காது. அந்தப் பத்து நிமிஷத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க பிள்ளைக்குக் கொடுங்க.

12/ மனசு ரொம்பக் கஷ்டமா இருந்தா யார் வேணும்னாலும் கூப்பிடலாம்: தமிழக அரசின் 104, டெலிமானஸ் 14416. குழந்தைகளுக்கு 1098. பத்து வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதைப் பகிருங்க.