அரை மணி நேரத்தில் புத்தர்

காசி, கயா போய்வந்தவர்கள் நம் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். சாரநாத் பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, பார்த்தோமே! காசியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினார்கள்" என்பார்கள். புத்தகயாவும் அப்படித்தான். கயாவில் பிண்டம் போட்டு முடித்த கையோடு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு எட்டு.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இதற்கு யாத்திரை என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

பாலி மொழியில் உள்ள மகாபரிநிப்பான சுத்தத்தில், புத்தர் தம் கடைசி நாட்களில் ஆனந்தரிடம் நான்கு இடங்களைச் சொல்கிறார். பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதல் உபதேசம் செய்த இடம், மறையும் இடம். அதாவது லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகர். அங்கே போவது எதற்காக? சம்வேகம் என்கிறது நூல். எதுவும் நிலையில்லை என்பது உறைத்து, மனம் ஆடிப்போவது. அரை மணி நேரத்தில், அதுவும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த மனம் ஆடும்?

"யாத்திரை வழியில் இறந்தால் சொர்க்கம் என்றும் அதே நூலில் இருக்கிறதே, போனாலே புண்ணியம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. தெளிந்த மனத்தோடு இறந்தால் என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை மட்டும் நாம் வசதியாக விட்டுவிடுகிறோம்.

யாத்திரை எப்படிப் போக வேண்டும் என்று அசோகரிடம் கேட்கலாம். முந்தைய அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் பயணம் போனார்கள். முடிசூடி 10 ஆண்டுகளுக்குப் பின் தாம் போதித் தலத்துக்குப் போனதிலிருந்து அது தம்ம யாத்திரையாக மாறியது என்கிறது அவருடைய எட்டாவது பாறைக் கல்வெட்டு. அந்த யாத்திரையில் பிராமணருக்கும் சிரமணருக்கும் தானம் கொடுத்தார். முதியோரைப் பார்த்துப் பொன் கொடுத்தார். நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் பேசினார். முடிசூடி 20 ஆண்டுகளுக்குப் பின் லும்பினிக்குப் போனபோது, கல்தூண் நட்டதோடு நிற்கவில்லை. அந்த ஊருக்குப் பலி வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று குறைத்தார். புண்ணிய தலத்தில் வாழ்கிறவனுக்கும் அரசன் வந்ததால் ஒரு பலன் கிடைத்தது. நாமோ ரிக்‌ஷாக்காரரிடம் பத்து ரூபாய்க்குச் சண்டை போட்டுவிட்டு, காலித் தண்ணீர் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு வருகிறோம்.

நம் வயதுக்காரர்களுக்கு நான்கில் முக்கியமானது குசிநகர். நம் பயணத் தாள்களில் பெரும்பாலும் இல்லாததும் அதுதான். 80 வயதில் புத்தர் ராஜகிருகத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். தம் உடலை, கட்டுப்போட்டு ஓட்டும் பழைய வண்டி என்றார். வழியில் நோயில் விழுந்தும் நடந்து, இரண்டு சால மரங்களுக்கு நடுவே படுத்து மறைந்தார். இன்று அங்கே சுமார் 6 மீட்டர் நீளத்தில் அவர் படுத்த கோலத்தில் இருக்கிறார். முழங்கால் வலியோடும் மாத்திரை டப்பாவோடும் போகிற நமக்கு அந்தச் சந்நிதியில் சொல்லிக்கொள்ள ஏதும் இல்லையா?

அடுத்த முறை டூர்க்காரர் பன்னிரண்டு இடம் என்று பெருமையாகச் சொன்னால், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஆறு இடத்தை அடித்துவிட்டு, மிச்சத்துக்கு நேரம் கேளுங்கள். காசு நம்முடையது. இனி எத்தனை முறை போகப்போகிறோம்?