நாலு கிலோ பெருமை

கடம்பத்தூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று எந்த ஊரானாலும் பிரசவமானதும் எடையைத்தான் கேட்கிறோம். நாலு கிலோ என்றால் மாசமான நாள் முதல் 'ரெண்டு உசுருக்குச் சாப்பிடு' என்று ஊட்டியதன் பலன் என்று பூரிக்கிறோம். இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும்கூட. உடல் பருமனுள்ள கர்ப்பிணிகள் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ரத்தத்தில் கூடும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. குழந்தையின் கணையமே இன்சுலினை அதிகம் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கித் தோளிலும் வயிற்றிலும் சேர்க்கிறது. டென்மார்க் மருத்துவர் பீடர்சன் 1950-களிலேயே இதை விளக்கிவிட்டார். தலை வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கினால் சில நிமிடங்களுக்குள் குழந்தையை எடுத்தாக வேண்டும். அந்தப் போராட்டத்தில் கழுத்து நரம்பு அடிபட்டுக் கை தூக்க முடியாமலும் போகலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் சுரப்பு உடனே நிற்காது. கொழுகொழு பிள்ளைக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிக் கைகால் நடுங்குவது இதனால்தான்.

வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் இது 31. ஆனாலும் மருத்துவர்களின் கவனம் எடை ஏறாத கர்ப்பிணி மேலேயே நிற்கிறது. டாக்டர் வி. சேஷையா போன்றோரின் உழைப்பால் 2007 முதல் இங்கே எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரைப் பரிசோதனை உண்டு: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. பெரிய சாதனை அது. ஆனால் 'சுகர் நார்மல்' என்றதும் பேச்சு முடிந்துவிடக் கூடாது. சர்க்கரை சரியாக இருந்தாலும் தாயின் பருமன் தன்னளவிலேயே குழந்தையின் எடையைக் கூட்டும்.

ரத்தசோகையும் எடை குறைந்த குழந்தைகளும் இருக்கும் ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்பார்கள். நம் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பது உண்மை. பருத்த பெண்ணுக்கும் அது வரும். இரண்டு மடங்கு சோறு அதைத் தீர்க்காது, கீரையும் பருப்பும் முட்டையும் இரும்புச்சத்து மாத்திரையும்தான் தீர்க்கும். யாரையும் பட்டினி போடச் சொல்லவில்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி, இன்னொரு ஆளின் சாப்பாடு அல்ல. சாதாரண எடையுள்ள பெண் 11.5 முதல் 16 கிலோ கூடலாம்; பருமனான பெண்ணுக்கு 5 முதல் 9 கிலோ போதும். இந்தக் கணக்கை முதல் பரிசோதனையிலேயே உயரத்தையும் எடையையும் வைத்துப் போட்டு, அவள் மனம் நோகாமல், மாமியாரும் கேட்கும்படி மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.