பழைய விண்கலமும் புதிய விளையாட்டும்

கணனி விளையாட்டென்றாலே பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க வந்த பிசாசு என முகஞ்சுளிக்கும் பெற்றோர் எம்மிடையே பலர். அவர்தம் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென நாம் கூறமாட்டோம். எனினும் பிரித்தானியாவில் உருவான இரு விளையாட்டுக்களின் கதையை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

1986ஆம் ஆண்டில் அன்ட்ரூ பிரேபுரூக் என்பார், கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணனிக்கென 'யுரிடியம்' என்ற சுடும் விளையாட்டை ஆக்கினார். அக்கணனியின் நினைவகம் வெறும் 64 கிலோபைற். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதனிலும் பன்மடங்கு பெரிது! அச்சிறு இடத்துள், உலோகங்களின் பெயர் தாங்கிய பாரிய போர்க்கலங்களையும், அவற்றின்மேல் முன்னும் பின்னுமாய்ச் சீறிப் பறக்கும் 'மன்ரா' என்ற சிறுகலத்தையும் அவர் அடக்கினார். போர்க்கலத்தின் மேற்பரப்பு புடைப்புச் சிற்பம்போல் ஒளியும் நிழலுமாய்த் தோன்றிற்று. வெறும் அலங்காரமன்று அது. சுவரின் உயரத்தை அதன் நிழலே உணர்த்தும். கவனியாதவன் மோதி அழிவான்.

அதனை வெளியிட்ட நிறுவனத்தை நிறுவிய அன்ட்ரூ ஹியூசனும் அவர் மகன் றொப்பும் பின்னாளில் புதிய நிறுவனமொன்றைத் தொடங்கினர். 2018இல் அதன்வழி வெளிவந்த 'ஹைப்பர் சென்டினல்', யுரிடியத்தின் ஊக்கத்திற் பிறந்தது. இதனைக் களவென்போருடன் நாம் உடன்படோம். தந்தை விற்ற சரக்கின் அருமையை மகன் உணர்ந்திருப்பது எல்லா வீட்டிலும் நிகழ்வதன்று.

ஆயின் புதியதன் கண்கூசும் ஒளிச்சிதறல் எமக்கு உவப்பன்று. நினைவகம் பெருகியதும் நிழலின் சிக்கனம் போயிற்று. பிள்ளைகள் கேட்பின் இரண்டையும் ஆடிப்பார்க்க விடுங்கள், பழையதை முதலில்.